நம்ம வீட்டுக் குதிகால்

ஜூன் 3

தம்பிக்கு,

உங்க போனுக்கு நாலு தடவை அடிச்சேன். ஒரு மணி அடிச்சதுமே கட் ஆகுது. என் நம்பரைத் தடுத்து வச்சிருக்கீங்கன்னு கடையில கூட வேலை பார்க்கிற பொண்ணு சொல்லித்தான் தெரிஞ்சது. அதனால கடிதம். கிழிச்சுப் போடலாம், ஆனா கிழிக்கிறதுக்கு முன்னாடி நாலு வரியாவது கண்ணுல பட்டுடும்.

சமாதானம் பேச எழுதல. உங்க அண்ணனை அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னைக்கு, அத்தனை பேர் நடுவுல நீங்க என்னைப் பார்த்துச் சொன்னது எட்டு மாசமாகியும் அப்படியே காதுல இருக்கு. "எண்ணெயா ஊத்தி ஊத்தியே என் அண்ணனை அனுப்பிட்டீங்க." அதுக்கு நான் பதில் சொல்லல. இப்பவும் சொல்லப் போறதில்ல. இது நம்ம பொண்ணு மிளகு விஷயம்.

போன சனிக்கிழமை அவ கடைக்கு வந்தா. தலைவலின்னு ரெண்டு வாரமா சொல்லிக்கிட்டிருந்தா. சனிக்கிழமைல எங்க கடைக்கு ஒரு கண் டாக்டரம்மா வருவாங்க. நான் உள்ளறையில ஒருத்தரோட ஃப்ரேமுக்கு லென்ஸ் ராவிக்கிட்டிருந்தேன். டாக்டரம்மா மிளகை மெஷின்ல தாடையை வைக்கச் சொல்லிப் பார்த்தாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "பொண்ணுக்கு என்ன வயசு?"ன்னு கேட்டாங்க. பதினேழுன்னேன். கருவிழியைச் சுத்தி மெல்லிசா ஒரு வெள்ளை வளையம் இருக்காம். அறுபது வயசுக்காரங்க கண்ணுல அதைத் தினம் பார்க்கிறாங்களாம். பதினேழு வயசுல பார்த்ததே இல்லையாம்.

"அப்பா எங்கேம்மா?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். எத்தனை வயசுல, எப்படின்னு கேட்டாங்க. சொன்னேன். அதுக்கப்புறம் அவங்க சிரிக்கல.

ரத்தம் எடுத்துப் பார்த்தாச்சு. கொழுப்பு முந்நூத்து நாற்பத்தெட்டு. ஒல்லிக்குச்சி மாதிரி இருக்கிற பொண்ணு, தினம் காலையில அஞ்சு கிலோமீட்டர் ஓடுற பொண்ணு. இது சாப்பாட்டுல மட்டும் வந்ததில்ல, ரத்தத்துல இறங்கி வர்றதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. இதய டாக்டர்கிட்ட அனுப்பியிருக்காங்க. அவரு குடும்பத்துல யார் யார் எந்த வயசுல போனாங்கன்னு ஒரு தாள்ல எழுதிக் கொண்டு வரச் சொன்னார். எழுதினேன். மாமா, உங்க அப்பா, நாற்பத்து மூணு. அவரோட அண்ணன், பெரிய மாமா, நாற்பத்தாறு. உங்க அண்ணன் நாற்பத்தஞ்சு. இதுவரைக்கும் தனித்தனியா அழுத சாவுங்க. ஒரே தாள்ல ஒண்ணு கீழ ஒண்ணா எழுதினதும் பேனாவைக் கீழ வச்சுட்டேன்.

உங்க ரத்தத்தையும் பார்த்து நம்பரை எழுதி அனுப்பணும். டாக்டருக்கு அது வேணுமாம். உங்களுக்கும் வேணும், முப்பத்தொன்பது ஆகுது. வேற எதையும் உங்ககிட்ட கேட்கல.

அண்ணி

*

ஜூன் 12

அண்ணிக்கு வணக்கம்.

கடிதம் வந்தது. கிழிக்கல. பதிமூணு வயசுல உங்க கையால சாப்பிட ஆரம்பிச்சவன் நான். அன்னையிலருந்து "டேய்"னும் "நீ"ன்னும்தான் கூப்பிட்டிருக்கீங்க. இப்ப பக்கம் முழுக்க "நீங்க". பள்ளிக்கூடத்துல தலைமை ஆசிரியர்கூட என்னை இவ்வளவு மரியாதையா ஏசினதில்ல.

மிளகைப் பத்திக் கவலைப்படாதீங்க. சின்னப் பொண்ணு. சாப்பாட்டை ஒழுங்கு பண்ணினா எண் இறங்கும். பொரிச்சது வேண்டாம், பேக்கரி வேண்டாம், காலையில பழம், ராத்திரி எட்டுக்கு முன்னாடி சாப்பாடு. இதைத்தான் இருபது வருஷமா நான் எல்லார்கிட்டயும் சொல்றேன். இந்த விடுதியில முந்நூறு பிள்ளைங்க என் விசிலுக்கு எழுந்திருக்கிறாங்க. ஒருத்தருக்கும் தொப்பை கிடையாது.

அண்ணன் விஷயத்துல நான் பேசினது தடிச்ச வார்த்தைதான். ஆனா அதுல பொய் இல்லையே. பேக்கிங் ஃபேக்டரியில ராத்திரி ஷிப்ட், மூணு மணிக்கு கேன்டீன்ல வடிகட்டாத எண்ணெயில போட்டெடுத்தது, ஷிப்ட் முடிஞ்சதும் வாசல்ல ரெண்டு சிகரெட், வீட்டுக்கு வந்தா நீங்க ஆசையா வச்சிருக்கிறது. எப்படி உடம்பு தாங்கும்? எல்லாம் ரத்தத்துல வந்ததுன்னு சொல்லிட்டா சமையல்கட்டு தப்பிச்சிடும், அவ்வளவுதான். நானும் அதே அப்பனுக்குப் பிறந்தவன்தான். உட்கார்ந்திருக்கும்போது என் நாடி ஐம்பத்திரண்டு. எட்டு கிலோமீட்டர் ஓடிட்டு வந்து பாடம் நடத்துறேன். எனக்கு ரத்தம் எடுத்துப் பார்க்க என்ன இருக்கு?

மிளகுக்கு முந்நூத்து நாற்பத்தெட்டுன்னு எழுதியிருக்கீங்க. அது மொத்தக் கணக்கு. அதுக்குக் கீழ எல்.டி.எல்.னு ஒண்ணு தனியாப் போட்டிருப்பாங்க. அது எவ்வளவு? அதை மட்டும் எழுதுங்க.

இங்க மலையில மழை ஆரம்பிச்சிடுச்சு. மைதானம் சேறு.

தம்பி

*

ஜூன் 20

தம்பி,

சரி, நீன்னே எழுதுறேன். திட்டுறதுக்கும் அதுதான் வசதி.

சமையல்கட்டு தப்பிச்சிடும்னு எழுதியிருக்கே. சமையல்கட்டு எங்கேயும் ஓடல. எண்ணெய் ஊத்தினது நான்தான். ராத்திரி முழுக்க நின்னு உழைச்சிட்டு வர்ற மனுஷனுக்கு நாக்குக்கு ருசியா ஏதாவது போடலாம்னு போட்டதும் நான்தான். சிகரெட் வாசனையைத் தெரியாத மாதிரி இருந்ததும் நான்தான். இதய டாக்டர்கிட்ட இதை ஒண்ணு விடாம ஒப்பிச்சேன். அவர் சொன்னார், "அம்மா, உங்க வீட்டு ஆளுங்களுக்குப் பிறக்கும்போதே உள்ள காஞ்ச விறகு அடுக்கியிருக்கு. சிகரெட்டும் தூக்கமில்லாத வேலையும் கண்ட சாப்பாடும் தீக்குச்சி. குச்சியைத் தள்ளி வச்சா நல்லதுதான், வைக்கணும்தான். ஆனா விறகை எடுக்க மாத்திரை வேணும். ஓடினாலும் குறையாது, பட்டினி கிடந்தாலும் குறையாது." புரியுதா? ரெண்டும் சேர்ந்துதான். நான் என் பங்கை ஒத்துக்கிட்டேன். நீ உன் பங்கை ஒத்துக்கோ.

அவர் மிளகோட காலைத் திருப்பி, குதிகாலுக்கு மேல இருக்கிற நரம்பை ரெண்டு விரலால பிடிச்சுப் பார்த்தார். தடிப்பா இருக்குன்னார். கல்யாணமாகி வந்த புதுசுல மாமா கூச்சமில்லாம காலை நீட்டிக் காட்டுவார், ஞாபகமிருக்கா? "இது நம்ம வீட்டுக் குதிகால்மா. எவ்வளவு நடந்தாலும் தேயாது." உங்க அண்ணனுக்கும் இருந்தது. பெரிய மாமா மகன் டெய்லர் அண்ணனுக்கும் இருக்கு. உனக்கும் இருக்கு, உன் செருப்பு பின்னால கடிக்குதுன்னு நான்தான் பஞ்சு வச்சுத் தைச்சுக் கொடுப்பேன். அது பெருமையில்லடா. கொழுப்பு போய் நரம்புல தங்கியிருக்கு. அத்தனை வருஷமா அந்தக் காலு சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. நாம அதைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கோம்.

இன்னொண்ணு. எட்டு மாசமா தொண்டைக்குள்ள வச்சிருந்தேன். உங்க அண்ணன் எங்கே விழுந்தாருன்னு உனக்குத் தெரியும். கேன்டீன்ல விழல. என் அடுப்பு முன்னாடியும் விழல. பூங்காவுல, ஓடும்போது விழுந்தார். நீ கோடு போட்டுக் கொடுத்த சார்ட் ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டியிருந்தது. முதல் வாரம் ஒரு சுத்து, ரெண்டாவது வாரம் மூணு சுத்து. ஒன்பதாவது கட்டத்துல டிக் அடிக்கல. என்னைப் பார்த்து அந்த வார்த்தையை நீ சொன்னப்ப, உள்ள போய் அந்தத் தாளை எடுத்துட்டு வந்து உன் முன்னாடி நீட்டியிருக்கலாம். செய்யல. தம்பியும் உடைஞ்சு போயிருக்கான்னு விட்டேன்.

எல்.டி.எல். கேட்டிருந்தே. இருநூத்து எழுபது. அதுதான் கெட்ட கொழுப்புன்னு இதய டாக்டர் படம் போட்டு விளக்கின பிறகுதான் எனக்கே தெரிஞ்சது. உனக்கு எப்படித் தெரியும்?

மிளகு ஆகஸ்டுல உங்க பள்ளிக்கூட மைதானத்துல நடக்கிற பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பேர் கொடுத்திருக்கா. நெஞ்சுல ஒயர் ஒட்டி ஒரு சோதனை பண்ணணும், அதுவரைக்கும் ஓட வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார். தேதி ஜூலை கடைசியிலதான் கிடைச்சிருக்கு. இவ கேக்க மாட்டேங்கிறா. "டாக்டருக்கு ஓட்டத்தைப் பத்தி என்ன தெரியும், சித்தப்பா சொல்லட்டும்"ங்கிறா. காலையில நான் எழுந்திருக்கும்போது வாசல்ல ஷூ இல்ல.

நீ சொல்லு. ஓடலாமா, வேண்டாமா?

அண்ணி

*

ஜூன் 24

அண்ணி,

மிளகை ஓட விடாதீங்க. இந்தக் கடிதம் கைக்கு வந்த நிமிஷத்துலருந்து. பஸ் பிடிக்கக்கூட ஓட வேண்டாம். ஷூவை எடுத்து ஒளிச்சு வையுங்க. சித்தப்பா சொன்னார்னு சொல்லுங்க. ஓட்டப் பட்டியல்லருந்து அவ பேரை இங்க நானே அடிச்சிட்டேன்.

நாளைக்கு உங்க நம்பரைத் திறந்து விடுறேன். ஆனா போன் பண்ணாதீங்க. என்னால பேச முடியாது.

தம்பி

*

ஜூன் 29

தம்பி,

ஷூவை எடுத்துக் கடையில, லென்ஸ் வைக்கிற இழுப்பறையில பூட்டி வச்சிருக்கேன். மிளகு ரெண்டு நாளா என்கூடப் பேசல. நீ எழுதின தாளை அவகிட்ட காட்டினேன். ஒரு தடவை படிச்சா. "சித்தப்பா கையெழுத்து இப்படி இருக்காதே"ன்னா. அவ்வளவுதான்.

எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. பழம் சாப்பிடு, எட்டு மணிக்குள்ள சாப்பிடுன்னு எழுதினவன் பன்னிரண்டு நாள்ல இப்படி எழுதுறான்னா நடுவுல என்ன ஆச்சு? உனக்கு நெஞ்சு வலி ஏதாவது வந்துச்சா? மயங்கி விழுந்தியா? எதையும் மறைக்காதே. எனக்கு இப்ப உன் மேல இருக்கிற கோபத்தைவிட பயம்தான் அதிகம். சாவெல்லாம் எழுதின தாள்ல நாலாவதா எழுத இடம் பாக்கியிருக்குடா. அந்த இடத்தைப் பார்க்கவே முடியல.

ரத்தம் எடுத்தியா? எண் என்ன? என்ன தெரிஞ்சதோ அதை எழுது. நான் தாங்கிப்பேன். தாங்காதது இனிமே என்ன இருக்கு.

அண்ணி

*

ஜூலை 5

அண்ணி,

தாங்கிப்பேன்னு எழுதியிருக்கீங்க. இதைப் படிச்ச பிறகு அந்த வரியை நீங்க திருப்பி எடுத்துக்கலாம்.

எனக்கு நெஞ்சு வலி எதுவும் வரல. நான் நல்லா இருக்கேன். ஏன் நல்லா இருக்கேன்னுதான் எழுத வேண்டியிருக்கு.

அண்ணன் போனதுக்குப் பதினாலு மாசம் முன்னாடி, இங்க எல்லா ஆசிரியர்களுக்கும் ரத்தம் எடுத்தாங்க. மறுநாள் டாக்டர் என்னை மட்டும் தனியாக் கூப்பிட்டார். நான் சிரிச்சுக்கிட்டே போனேன், இந்த மலையிலேயே ஆரோக்கியமான ஆள்னு சொல்லப் போறார்னு. முந்நூத்து எழுபத்தொண்ணுன்னார். மெஷின் தப்பு சார்னேன். இன்னொரு தடவை எடுத்தார். முந்நூத்து அறுபத்தாறு. அப்புறம் என்னைக் குனிஞ்சு ஷூவைக் கழட்டச் சொன்னார்.

குதிகாலைப் பிடிச்சுப் பார்த்துட்டு, "அப்பா எப்படிப் போனார்?"னு கேட்டார்.

எல்லாத்தையும் அன்னைக்கே சொல்லிட்டார். உங்க டாக்டர் சொன்னதேதான். நெஞ்சுல ஒயர் ஒட்டி, ஓடுற பட்டையில ஓட விட்டுப் பார்த்து, அதுக்கப்புறம்தான் என்னை மைதானத்துல ஓட அனுமதிச்சார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். கடைசியா ஒரு சீட்டுல தனியா எழுதினார்: அண்ணனும் அவர் பிள்ளையும் உடனே பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். "இதை இன்னைக்கே போன்ல சொல்லிடுங்க மாஸ்டர்"னார். சொல்றேன்னேன்.

அந்தச் சீட்டு என் அலமாரியில, விசில் வைக்கிற டப்பாவுக்கு அடியில இருக்கு. மாத்திரை பல் விளக்குற பிரஷ் பக்கத்துல இருக்கு. தினம் போடுறேன். ஒரு நாள் தவறல. இப்ப என் எண் நூத்து எழுபது. ஒரு ஈ காக்காவுக்குக்கூடத் தெரியாது.

ஏன் சொல்லலைன்னு நீங்க கேக்கிறதுக்கு முன்னாடி நானே என்னை ஆயிரம் தடவை கேட்டாச்சு. இருபது வருஷமா அண்ணனைப் பார்க்கிறப்பல்லாம் நான் சொன்னது ஒண்ணுதான்: "உன் வாய் பண்ற வேலைண்ணே இது, என்னைப் பாரு." அதுக்கப்புறம் எப்படிப் போய், என்னைப் பாருன்னு சொன்னேனே, எனக்கும் அதேதான்னு சொல்றது? அடுத்த வாரம் சொல்லலாம்னு இருந்தேன். லீவுல நேர்ல சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் சொன்னா, இத்தனை நாள் ஏன் சொல்லலைன்னு கேட்பாங்களேன்னு இருந்தேன். நாள் ஆக ஆக வாய் கனமாயிடுச்சு அண்ணி.

கடைசியா உங்க வீட்டுக்கு வந்தப்ப, அண்ணன் எடை மெஷின்மேல நின்னுக்கிட்டிருந்தார். ரெண்டு கிலோ குறைஞ்சிருக்குன்னு சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம். நீங்க கடையில இருந்தீங்க. என்கிட்ட கேட்டார், "டேய், உனக்கு எல்லாம் நார்மலாடா? நம்ம அப்பா மாதிரி எதுவும் இல்லையே?"

"எனக்கென்ன, ஓடுறேன்ல"ன்னேன்.

"அப்ப நானும் ஓடுறேன். ஒரு சார்ட் போட்டுக் கொடு"ன்னார்.

போட்டுக் கொடுத்தேன். வாயால சொல்ல முடியாததைக் கையால ஏதோ செஞ்சுட்ட மாதிரி இருந்தது. ஸ்கேல் வச்சுக் கோடு போட்டேன். ஒயர் ஒட்டிப் பார்க்காம ஓடக்கூடாதுன்னு எனக்குச் சொல்லியிருந்தாங்க. தெரிஞ்சேதான் போட்டுக் கொடுத்தேன். ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்.

சாவு வீட்டுல உங்களைப் பேசினதுக்குக் காரணமும் அதுதான். யார் தலையிலயாவது போடலைன்னா அது என் வாயிலருந்து தானா வெளியே வந்துடும்னு பயம். நீங்க பக்கத்துல நின்னீங்க. அழுதுக்கிட்டு நின்னீங்க. உங்க தலையில போட்டேன்.

மன்னிப்புன்னு எழுதி அடிச்சிட்டேன். கீழ பாருங்க, கறுப்பாத் தெரியும்.

தம்பி

*

ஜூலை 19

தம்பிக்கு,

உங்க கடிதம் பதினோராம் தேதி வந்தது. கடையில நின்னுக்கிட்டே படிச்சேன். படிச்சு முடிச்சு மடிச்சு வச்சிட்டு, அன்னைக்கு ஒன்பது கண்ணாடிக்கு லென்ஸ் மாட்டினேன். ஒண்ணுகூடத் தப்பாப் போகல. அதுதான் எனக்கே பயமா இருந்தது.

மறுநாள் இதய டாக்டர்கிட்ட போனேன். உங்க பேரைச் சொல்லல. ஒருத்தருக்குப் பதினாலு மாசம் முன்னாடியே தெரிஞ்சு மாத்திரை ஆரம்பிச்சிருந்தா பிழைச்சிருப்பாரான்னு மட்டும் கேட்டேன். "அதைச் சொல்ல முடியாதும்மா"ன்னார். பிழைச்சிருக்க மாட்டார்னு அவர் சொல்லிடுவார்னு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். சொல்லல.

ஒன்பது மாசமா அடுப்பைப் பத்த வைக்கும்போதெல்லாம் நான்தான் கொன்னேன்னு நினைச்சிருக்கேன். அவர் சட்டையை மடிக்கும்போது நினைச்சிருக்கேன். கொஞ்சம் எண்ணெய் குறைச்சிருந்தா, கொஞ்சம் கத்தியிருந்தான்னு. அப்படி நினைப்பேன்னு தெரிஞ்சேதான் நீங்க விட்டு வச்சிருந்தீங்க.

இப்ப செய்ய வேண்டியதைச் சொல்றேன். டெய்லர் அண்ணன் பெரிய மாமாவோட மகன். அவருக்கு நாற்பத்தெட்டு. ஊசியில நூல் கோக்கும்போதும் வாயில சிகரெட் இருக்கும். ரெண்டு பிள்ளைங்க. அவருக்கு இது எதுவும் தெரியாது. நான் போய்ச் சொல்லப் போறதில்ல. நீங்க போகணும். இந்த மாசத்துக்குள்ள.

அதுக்கப்புறம் இங்க வந்து, மிளகு முன்னாடி நின்னு, எனக்கு எழுதினதை அவளுக்கு வாயால சொல்லணும். அவ அப்பா பத்தின விஷயம் அது. நான் என் வாயால அதைச் சொல்ல மாட்டேன், மறைக்கவும் மாட்டேன்.

அண்ணி

*

ஆகஸ்ட் 4

அண்ணி,

விடுதிக்கு வந்து சேர்ந்தேன். உங்க வீட்டுல தண்ணிகூடக் குடிக்காம வந்ததை நினைச்சு வருத்தப்படாதீங்க. நீங்க கொடுத்திருந்தாலும் இறங்கியிருக்காது.

டெய்லர் அண்ணன் கடையில நடந்ததை உங்ககிட்ட சொல்ல முடியல. போனதும் என் ரிப்போர்ட்டை மேசைமேல, அவர் வெட்டி வச்சிருந்த துணிமேல வச்சேன். சிரிச்சார். "எனக்கு ஆயுசு கெட்டிடா, எங்கப்பாவுக்குச் சேர்த்து நான் வாழுறேன்"னார். உங்க காலைக் காட்டுங்கன்னேன். மெஷின் மிதிச்சு மிதிச்சு வந்த தடிப்புன்னார். அன்னைக்கு முழுக்க அந்தக் கடை முக்காலியில உட்கார்ந்திருந்தேன். மறுநாள் கடை திறக்கும்போது வாசல்ல நின்னேன். மூணாவது நாள் அவருக்கே சலிச்சுப் போய், "எழுந்திரு, வந்து தொலைக்கிறேன்"னு ஷட்டரை இழுத்தார். ரத்தம் கொடுக்கிற வரைக்கும் கூட இருந்தேன். உனக்கு எப்பத் தெரியும்னு அவர் கேக்கல. நானும் சொல்லல.

மிளகு கேட்டதுக்கு நான் சொன்ன பதில் உங்களுக்கு உள்ளறையில கேட்டிருக்கும். மாடிப்படியில முழங்காலைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்டா. அழல. "அப்பா உங்ககிட்ட கேட்டப்ப என்ன சொன்னீங்க? அதை அப்படியே சொல்லுங்க"ன்னா. சொன்னேன். "எப்பவும் போல சிரிச்சுக்கிட்டா சொன்னீங்க?"ன்னா. ஆமான்னேன். எழுந்து உள்ள போயிட்டா.

அவளுக்கு நெஞ்சுச் சோதனை என்ன ஆச்சுன்னு கேக்க எனக்கு உரிமை இல்ல. ஆனாலும் கேக்கிறேன்.

தம்பி

*

செப்டம்பர் 12

தம்பிக்கு,

மிளகு இதயத்துல இப்போதைக்கு எதுவும் இல்ல. மாத்திரை ஆரம்பிச்சாச்சு. மெதுவா ஓட ஆரம்பிக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டார். ஷூவை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக் கட்டிலுக்கு அடியில வச்சிட்டா. இன்னும் போட்டுக்கல. உங்களைப் பத்தி ஒரு வார்த்தை பேசுறதில்ல. நானும் கேக்கிறதில்ல.

எழுத வந்தது வேற. டெய்லர் அண்ணனோட ரத்தத்துல எண் நானூறைத் தாண்டிப் போச்சு. அதைப் பார்த்துட்டு ஒயர் ஒட்டி, அப்புறம் குழாய் விட்டுப் பார்த்தாங்க. மூணு ரத்தக்குழாய் அடைச்சிருந்தது. ஒண்ணு முழுசா அடைக்க நூல் இடைவெளிதான் பாக்கியாம். "இன்னும் நாலு வாரம் விட்டிருந்தா இவர் இங்க நடந்து வந்திருக்க மாட்டார்"னு டாக்டர் அவங்க வீட்டம்மாகிட்ட சொல்லியிருக்கார். போன வாரம் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ணினாங்க. பிழைச்சிட்டார். பிள்ளைங்களுக்கும் பார்த்தாச்சு. இளையவளுக்கு இருக்கு, பெரியவனுக்கு இல்ல.

நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டில்ல சாய்ஞ்சு உட்கார்ந்திருந்தார். குரல் வரல, சிரிச்சார். சிகரெட் பிடிக்கிற ரெண்டு விரலையும் காட்டி, இனிமே இல்லைன்னு தலையாட்டினார். அவர் வீட்டம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடல. "உங்க கொழுந்தன் தெய்வம் மாதிரி வந்தாரு அக்கா. மூணு நாள் வாசல்ல நின்னு இழுத்துட்டுப் போனார். எங்க வீட்டு விளக்கை அணையாம வச்சவர் அவர்தான்"னு அழுதாங்க. பக்கத்துக் கட்டில்காரங்க வரைக்கும் உங்க கதை தெரிஞ்சிருக்கு.

அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சொன்னாங்க: "பாவம்க்கா, உங்க வீட்டுக்காரருக்குத்தான் இப்படி வந்து சொல்ல ஒரு ஆள் இல்லாமப் போச்சு."

ஆமான்னு சொன்னேன். வேற என்ன சொல்ல. வராந்தாவுக்கு வந்து, கை கழுவுற குழாயைத் திறந்துவிட்டு, தண்ணி ஓடுறதைப் பார்த்துக்கிட்டு அங்கேயே நின்னேன்.

சொன்னா பிழைக்க வைக்க முடியும்னு இப்ப எனக்கு நல்லாத் தெரிஞ்சுபோச்சு. உங்களுக்கும் தெரியணும்னுதான் இதை எழுதுறேன்.

டெய்லர் அண்ணன் தேறினதும் குடும்பத்தோட நேர்ல வந்து உங்களுக்கு நன்றி சொல்லணுமாம். விலாசம் கேட்டாங்க. எழுதிக் கொடுத்திருக்கேன். அவங்க வந்து உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்போது என்ன சொல்றதுங்கிறது உங்க பாடு.

அண்ணி